காஞ்சி வரதரும் காலடிப்பேட்டையும்

வடசென்னையில், புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தொலைவில், திருவொற்றியூரின் தென்பகுதியாக அமைந்திருக்கும் ஊர் காலடிப்பேட்டை. ஒருபுறம் கடல், மறுபுறம் ரயில் பாதை, நடுவே துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் ஓயாமல் ஓடும் சரக்கு லாரிகள். இந்த நெரிசலுக்குள் கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. பெருமாள் பெயர் காஞ்சிபுரத்துப் பெருமாளின் பெயர். தாயார் பெயரும் அங்குள்ளதைப் போலவே பெருந்தேவி. பல்லவர்களின் பழைய தலைநகரில் கோயில் கொண்ட தெய்வம், கோட்டைக்கு வடக்கேயிருந்த ஒரு கடலோரக் குடியிருப்புக்கு வந்தது எப்படி? இதற்கு ஊர் ஒரு விடை சொல்கிறது. கும்பினியின் ஏடுகள் வேறொரு விடை சொல்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, ஒரு கோயிலின் வரலாற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு நல்ல பயிற்சி.

முதலில் ஊர்க்கதை. ஜோசப் காலட் என்னும் ஆங்கிலேயர் சென்னையின் ஆளுநராக இருந்தபோது அவரிடம் வீரராகவர் என்னும் வைணவர் வேலை பார்த்தாராம். காஞ்சிக்குப் போய் வரதராசரைச் சேவித்த பிறகே அவர் அலுவலகம் வருவது வழக்கம். அதனால் தினமும் தாமதம். ஒருநாள் பொறுமை இழந்த துரை, "அப்படியானால் இந்த நேரத்தில் காஞ்சியில் உன் சுவாமிக்கு என்ன நடக்கிறது, சொல் பார்ப்போம்" என்று கேட்டார். வீரராகவர் கண்களை மூடிக்கொண்டு, அங்கே உற்சவத்தில் அப்போது நேர்ந்த ஒரு தடங்கலைச் சொன்னார். அது என்ன தடங்கல் என்பது கதை சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். துரை ஆள் அனுப்பி விசாரித்தார். சொன்னது சொன்னபடியே நடந்திருந்தது. வியந்துபோன அவர், இனி நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று வீரராகவருக்காக இங்கேயே வரதருக்கு ஒரு கோயில் எழுப்பித் தந்தார்.

கதை அழகானது. ஆனால் வழியை அளந்து பார்த்தால் சிக்கல் தெரியும். காலடிப்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வழியில் கால்நடையாகவோ மாட்டு வண்டியிலோ பல்லக்கிலோதான் போக முடியும். பூந்தமல்லி, இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூர் என்று சத்திரம் சத்திரமாகத் தங்கிப் போகும் பயணம் அது. நன்றாக நடக்கக்கூடியவருக்கும் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் ஆகும். காலையில் காஞ்சியில் சேவித்துவிட்டு அதே நாளில் கோட்டைக்கு வேலைக்கு வருவது, எவ்வளவு தாமதமாக வந்தாலும், நடக்கக்கூடிய காரியம் அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை வைகாசிக் கருட சேவைக்கு விடுப்பு எடுத்துப் போயிருக்கலாம். தினமும் போயிருக்க முடியாது.

அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது? காஞ்சி போகும் அதே பாதையில், பூந்தமல்லியில், இதைவிடப் பழைய ஒரு கதை இருக்கிறது. இராமானுசரின் காலத்தவரும் அவர் ஆசானாகப் போற்றியவருமான திருக்கச்சி நம்பி பூந்தமல்லியில் பிறந்தவர். காஞ்சி வரதருக்கு விசிறி வீசும் கைங்கரியம் செய்தவர். அவர் பூந்தமல்லியிலிருந்து நாள்தோறும் பூக்களை எடுத்துக்கொண்டு காஞ்சிக்கு நடந்து போனதாகவும், முதுமையில் நடக்க முடியாதபோது வரதரே பூந்தமல்லிக்கு வந்து காட்சி தந்ததாகவும் தலபுராணம் சொல்லும். பூந்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலின் வரலாறாக இன்றும் சொல்லப்படுவது இதுதான். நெடுவழி, அன்றாடச் சேவை, அடியார் போக முடியாத நிலை, தெய்வம் அவர் ஊருக்கே வருதல் என்ற நான்கு கண்ணிகளும் காலடிப்பேட்டைக் கதையிலும் அப்படியே உள்ளன. மாறியிருப்பது ஒன்றுதான். பூந்தமல்லியில் அடியாரைத் தடுத்தது முதுமை. காலடிப்பேட்டையில் தடுத்தது அலுவலக நேரம். மாதச் சம்பளத்துக்கு, குறித்த மணிக்கு, வேற்று நாட்டவர் முன்னே போய் நிற்க வேண்டியிருந்த முதல் தலைமுறையினரின் சங்கடம் இந்தப் பழைய கதைக்குள் நுழைந்திருக்கிறது என்று கருத இடமுண்டு.

வீரராகவரின் காலத்தில் காஞ்சி வரதரைச் சேவிப்பது எளிதில் கிடைக்கும் பேறாக இருக்கவில்லை என்பதையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். காஞ்சி பல்லவர்களின் தலைநகரமாக இருந்தபோது, சுமார் கி.பி. 640-இல், சீனப் பயணி யுவான் சுவாங் அதைப் பார்த்திருக்கிறார். இராசசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலும், இரண்டாம் நந்திவர்மன் காலத்து வைகுந்தப் பெருமாள் கோயிலும் அந்தப் பெருமையின் எச்சங்கள். வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுற்றுச் சுவரில் பல்லவ அரசர்களின் வரலாறே வரிசையாகச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசு போன பின்னும் யாத்திரை நிற்கவில்லை. சோழரும் விசயநகரத்தாரும் கோயில்களை வளர்த்தார்கள். பெரிய காஞ்சியில் சிவன் கோயில்களும், சின்ன காஞ்சியில் அத்திகிரி என்னும் வரதர் கோயிலும், நடுவே காமாட்சி கோயிலும் என, தலைநகரம் தலமாக மாறி நிலைத்தது.

ஆனால் 1688-இல் ஔரங்கசீப்பின் படைகள் தெற்கே நெருங்கியபோது, வரதரின் உற்சவ மூர்த்தியைக் கோயிலார் இரகசியமாக எடுத்துச் சென்று உடையார்பாளையத்தில் பாதுகாத்தார்கள். அவர் காஞ்சிக்குத் திரும்பியது 1710-இல்தான். அத்தான் ஜீயரின் முயற்சியும் தோடர்மால் என்னும் அதிகாரியின் துணையும் அதற்குக் காரணம் என்று கோயிலில் உள்ள அந்த ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. 22 ஆண்டுகள் வீதி உலா வரவேண்டிய வரதர் ஊரில் இல்லை. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, கருட சேவையைப் பெரியவர்கள் வாய்ச் சொல்லாக மட்டுமே கேட்டிருக்கும். வரதர் திரும்பி ஏழே ஆண்டுகளில், 1717-இல், காலட் சென்னை ஆளுநராகப் பதவியேற்றார். அந்த நேரத்தில் காஞ்சிக்குப் போய்ச் சேவிக்க வேண்டும் என்ற துடிப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், கதையின் வீரராகவர் வெறும் கற்பனையாகத் தோன்றமாட்டார்.

தொலைவிலுள்ள பெருந்தலத்தை அருகில் அமைத்துக்கொள்வது நம்மிடையே புதிதன்று. காசிக்குப் போக முடியாதவர்களுக்காகவே 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தென்காசியை அமைத்தான் என்பர். வேறு நாடுகளிலும் இதே வழக்கம் உண்டு. சப்பானின் பழைய தலைநகரான நாராவில் உள்ள கசுகா கோயில், பூசிவாரா என்னும் பெருங்குடியின் குலதெய்வக் கோயில். 784-இல் தலைநகரம் நாராவிலிருந்து நகாவோக்காவுக்கும், 794-இல் அங்கிருந்து கியோத்தோவுக்கும் மாறியது. அந்தக் குடியினர் ஒவ்வொரு முறையும் நாராவுக்குப் போவது கடினமாயிற்று. ஆகவே புதிய தலைநகரத்தின் மேற்கே ஓகாரானோ என்னும் இடத்தில் கசுகா தெய்வங்களை எழுந்தருளச் செய்துகொண்டார்கள். கியோத்தோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்தது. இன்று அதன் கோயில்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஓகாரானோவிலும் நிற்பதுண்டு. அங்கே கோயில் அமைத்தவர்கள் அரசகுடிக்குப் பெண் கொடுத்தவர்கள். காலடிப்பேட்டையில் நிலைமை வேறு.

அந்த வேறுபாட்டைத்தான் ஏடுகள் காட்டுகின்றன. காலட் வணிகத்தில் நொடித்து, கடனை அடைப்பதற்காகக் கீழை நாடுகளுக்கு வந்தவர். 1711-இல் வரும் வழியில் பிரேசில் நாட்டு ரியோ டி செனீரோவில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கினார். பிறகு சுமத்திராவின் பெங்கூலனில் கும்பினியின் துணை ஆளுநராக இருந்து, அங்கிருந்து சென்னைக்கு வந்தார். சீனக் கைவினைஞர் ஒருவர் 1716-இல் செய்த அவருடைய வண்ணம் தீட்டிய மண்சிலை, மூன்றடிக்குச் சற்றுக் குறைவான உயரமுள்ளது, இலண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சமயத்தில் அவர் பாப்டிஸ்ட் பிரிவைச் சேர்ந்தவர். உருவ வழிபாட்டை அடியோடு மறுக்கும் பிரிவு அது. வரதருக்குக் கோயில் எழுப்பியவராக ஊர் நினைவில் நிற்பவர் இப்படிப்பட்ட ஒருவர் என்பது வியப்புதான்.

அவர் பதவியேற்ற ஆண்டிலேயே ஒரு முக்கிய நிகழ்ச்சி நடந்தது. திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்கள் 1708-இல் நவாபு தாவூத் கானால் கும்பினிக்கு வழங்கப்பட்டிருந்தன. பின்னர் அந்த உரிமை பறிபோயிற்று. தில்லிப் பேரரசர் பரூக்சியர் 1717-இல் தந்த ஆணையைக் காட்டி, காலட் அவற்றை மீண்டும் கைப்பற்றினார். உள்ளூர் முகலாய அதிகாரியோடு திருவொற்றியூரில் சண்டையே நடந்தது. கைக்கு வந்த ஊர்களில் குடிகளைப் பெருக்கி வருவாயைக் காட்ட வேண்டிய கட்டாயம் ஆளுநருக்கு இருந்தது. கும்பினிக்கு அன்று வேண்டிய பொருளோ துணி. எனவே திருவொற்றியூர் எல்லையில் நெசவாளர்களுக்கென்று ஒரு குடியிருப்பு உருவாக்கப்பட்டது. 1719-இல் அதில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளும், பத்துக் கடைகளும், ஏறத்தாழ ஐந்நூறு மக்களும் இருந்தார்கள். ஒரு கோயிலும் இருந்தது. ஆளுநரின் பெயரால் அது காலட் பேட்டை என்று அழைக்கப்பட்டது. சென்னையின் பழைய ஆவணங்களைத் தொகுத்து 1913-இல் ஹென்றி டேவிசன் லவ் வெளியிட்ட நூலில் இந்தக் குடியேற்றத்தின் செய்தி உள்ளது.

வீரராகவரின் கதையில் ஒரு நெசவாளரும் வருவதில்லை. ஏட்டிலோ வீடு, கடை, கோயில், தலைக்கணக்கு எல்லாம் நெசவாளர் குடியேற்றத்தின் கணக்கு. கோயில் யாருடைய தேவைக்காக எழுந்தது என்ற கேள்விக்கு, ஒரு குமாஸ்தாவின் பக்திக்காக என்ற விடையைவிட இந்தக் கணக்கு கூடுதலாகச் சொல்கிறது.

நெசவாளரை ஓர் ஊரில் குடியேற்றுவது எளிதன்று. தறிக்குழி வெட்ட ஈரம் ஏறாத தரை வேண்டும். பாவு நீட்டிக் கஞ்சி போட நீண்ட, நேரான, நிழல் உள்ள தெரு வேண்டும். துணி வெளுக்க நல்ல தண்ணீர் அருகில் இருக்க வேண்டும். வணிகர் தரும் முன்பணம் நூல் வாங்கவே போய்விடும் என்பதால் வரிச் சலுகையும் வேண்டும். இவற்றோடு, தங்கள் கோயில் வேண்டும். கோயில் இல்லாத ஊரில் திருமணத்துக்கு நாள் குறிக்க முடியாது, திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்விக்கு இடமில்லை, தெருவுக்குத் தெரு இருக்கும் உரிமைகள் உறுதிப்படுவதில்லை. இது சிறிய விஷயம் அன்று. 1707-இல் வலங்கை, இடங்கை சாதிகளுக்கு இடையே எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று எழுந்த பூசலில், ஒரு சாரார் நகரத்தை விட்டே சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். கும்பினி வணிகம் ஆடிப்போயிற்று. அந்தப் பாடத்தைக் கோட்டையில் இருந்தவர்கள் பத்தாண்டுக்குள் மறந்திருக்கமாட்டார்கள். கைவினைஞர் தங்க வேண்டுமானால் அவர்களுடைய தெய்வமும் தங்க வேண்டும் என்பது வணிகக் கணக்காகவே அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

பின்னாளில் சிந்தாதிரிப்பேட்டையில் நடந்தது இதை உறுதிப்படுத்துகிறது. 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நூற்போருக்கும் நெய்வோருக்குமாக அந்தப் பேட்டை அமைக்கப்பட்டபோதும் கோயில் எழுந்தது. ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் அங்கே அருகருகே இருக்கிறார்கள். அவற்றைக் கட்டியவர் ஆதியப்ப நாராயண செட்டி என்னும் துபாசி. சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். ஆக, பேட்டை வைத்தால் கோயில் வைப்பது என்பது நகரத்தில் ஒரு முறையாகவே இருந்தது.

நெசவாளருக்குக் காஞ்சி வரதர் ஏன் என்ற கேள்விக்கும் காஞ்சியிலேயே குறிப்பு உண்டு. காஞ்சி கோயில் நகரம் மட்டுமன்று, தறி நகரமும்கூட. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகள் இன்றும் நெசவாளர் பகுதிகளே. தொண்டை மண்டலத்தில் தறி வைத்துப் பிழைத்தவர்களுக்கு, எந்த ஊரில் இருந்தாலும், காஞ்சி தொலைவான ஊராக இருந்ததில்லை. பஞ்சத்தாலும் படையாலும் இடம்பெயர்ந்து கடற்கரைக்கு வந்தவர்களுக்குப் பெயர் தெரிந்த ஒரு தெய்வம் தேவைப்பட்டது. வீரராகவர் போன்ற ஒரு படித்த வைணவர் அந்தக் கோரிக்கையைத் துரையிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். கதையில் அவர் பெயர் நின்றதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

இதில் இன்னொரு சோகமும் உண்டு. காலட் பேட்டையில் தறிகள் ஓடத் தொடங்கிய அதே 1719-ஆம் ஆண்டில், இலண்டன் நெசவாளர்கள் இந்தியத் துணிக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். சீட்டித் துணி உடுத்திவந்த பெண்களைத் துரத்தி, உடுப்பைக் கிழித்தார்கள். 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை இங்கிலாந்தில் உடுத்தக்கூடாது என்று சட்டமே வந்தது. கும்பினி அந்தத் துணியை வேறு நாடுகளுக்கு அனுப்பிச் சமாளித்தது. ஒருவரை ஒருவர் பார்த்தே அறியாத இரண்டு ஊர் நெசவாளர்களின் பிழைப்பு அதே கப்பல்களில் கட்டுண்டு கிடந்தது.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தெய்வத்தின் ஆற்றலைக் கண்டு வியந்து கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லும் கதைகள் தமிழ்நாட்டில் பல. மதுராந்தகம் ஏரி உடையாமல் இராமரும் இலக்குவனும் காத்ததைக் கண்ட ஆட்சியர் லயனல் பிளேசு தாயார் சன்னதி கட்ட உதவினார் என்பது ஒன்று. மதுரை ஆட்சியர் ரவுசு பீட்டர் மீனாட்சிக்குத் தங்க அங்கவடி தந்தது இன்னொன்று. காஞ்சி வரதருக்கே கிளைவு மகரகண்டி என்றொரு அணிகலன் உண்டு. காலடிப்பேட்டைக் கதை இவற்றில் காலத்தால் முந்திய நிகழ்ச்சியைப் பற்றியது. இத்தகைய கதைகளில் ஆட்சியாளர் தலைகுனிகிறார். அந்த நிறைவு ஆளப்பட்டவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆனால் புகழ் முழுவதும் துரைக்கும் அடியாருக்குமாகப் போய்விட, உழைத்து ஊரை உண்டாக்கியவர்கள் கதைக்கு வெளியே நின்றுவிட்டார்கள். ஐந்நூறு பேரில் ஒருவர் பெயர்கூட மக்கள் நினைவில் இல்லை.

இன்று இந்த ஊரைப் பார்க்க வருகிறவர் ஒரே நாளில் இரண்டு காலங்களைப் பார்க்கலாம். சற்று வடக்கே திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில். பல்லவர் கல்வெட்டும் சோழர் கல்வெட்டும் நிறைந்தது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் கல்லால் எடுக்கப்பட்ட, யானையின் பின்புறம் போல் வளைந்த விமானம் உடையது. சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலமும் இதுவே. கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. ஆயிரம் ஆண்டுச் சைவத் தலத்தின் எல்லையில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வைணவக் கோயில் எழுந்து, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் திருவிழாக் கொண்டாடி வருகின்றன. அங்கிருந்து காஞ்சிக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக மின்ரயில் உண்டு. பேருந்தில் பூந்தமல்லி வழியாகப் போனால் திருக்கச்சி நம்பியின் ஊரையும் பார்த்துவிட்டுப் போகலாம். வீரராகவரின் பாதை அதுதான்.

பெயரைப் பற்றி ஒரு சொல். காலட் பேட்டை என்பது தமிழ்க் காதில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஹாமில்டன் பெயரால் இருந்த பாலம் அம்பட்டன் வாராவதி ஆனதும், பிறகு அந்தத் தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதியதும் பலர் அறிந்த கதை. இங்கேயும் அதுபோல்தான். பெருமாளின் காலடி பட்ட இடம் என்று புதிதாய்ப் பொருள் சொல்பவர்களும் உண்டு. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீட்டிக்கப்பட்டபோது இவ்வூருக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. அதன் பெயர்ப் பலகையில் ஆங்கில எழுத்திலும் காலடிப்பேட்டை என்றே இருக்கிறது. காலட் இல்லை.